சமநிலை போற்றிய சாங்யே கியாட்சோ

நோய் இல்லாமை மட்டுமே நலம் ஆகாது; உடலை இயக்கும் ஆற்றல்கள் தத்தம் அளவில் நிற்றலே நலம் என்பது திபெத்திய மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கையை நூலாகவும் ஓவியமாகவும் கல்விக்கூடமாகவும் நிலைநிறுத்திய பெருமகனார் தேசி சாங்யே கியாட்சோ ஆவார்.

1653ஆம் ஆண்டு லாசாவுக்கு அண்மையில் பிறந்த இவர், ஐந்தாம் தலாய் லாமாவின் அரவணைப்பில் கல்வி கற்று, 1679இல் நாட்டை நிர்வகிக்கும் 'தேசி' என்னும் பொறுப்பினை ஏற்றார். 1682இல் தலாய் லாமா மறைந்தார். பொட்டாலா அரண்மனைப் பணியோ முற்றுப்பெறவில்லை. அம்மறைவினை ஏறத்தாழ 15 ஆண்டுகள் வெளியிடாது, மறைந்தவர் பெயராலேயே சாங்யே கியாட்சோ ஆட்சி நடத்தினார்.

இத்துணை பெருஞ்சுமைக்கிடையே இவர் ஆற்றிய மருத்துவப் பணி நம்மை வியக்க வைக்கிறது. திபெத்திய மருத்துவத்தின் மூலநூலாகிய 'கியூஷி'க்கு இவர் வரைந்த 'நீல வைடூரியம்' என்னும் பேருரை 1688இல் நிறைவெய்தியது. நம் சித்த மருத்துவ நூலோர் வளி, அழல், ஐயம் என வகுத்ததை ஒத்த மூன்று ஆற்றல்களே இம்முறைக்கும் அடித்தளம். ஆசை, சினம், மயக்கம் என்னும் மனக்குற்றங்களே இம்மூன்றையும் நிலைபிறழச் செய்வன என்பர். ஆதலின் மருத்துவன் முதலில் உணவைத் திருத்த வேண்டும்; அடுத்து ஒழுகலாற்றைத் திருத்த வேண்டும்; அதன் பின்னரே மருந்தும் புறச்சிகிச்சையும் வரும்.

உரையை விளக்க 79 வண்ண ஓவியங்களையும் இவர் தீட்டுவித்தார். அவற்றுள் ஒன்றில் ஒரே வேரினின்று இரு தண்டுகள் எழுகின்றன. நலமுற்ற உடலைக் குறிக்கும் தண்டில் 25 இலைகள். நோயுற்ற உடலைக் குறிக்கும் தண்டில் 63 இலைகள். நலமும் நோயும் ஓருடலினின்றே கிளைப்பன என்னும் உண்மையை மாணவர் கண்ணால் கண்டு தெளிய இஃது உதவியது. 1696இல் லாசாவின் சக்போரி மலைமீது மருத்துவக் கல்லூரி ஒன்றையும் நிறுவினார்.

எனினும் அரசியலில் அச்சமநிலை இவருக்கு வாய்க்கவில்லை. சுங்கார் மங்கோலியர், கோசுத் மங்கோலியர், மஞ்சு பேரரசு என்னும் மூன்று வல்லமைகளுக்கிடையே நாட்டைக் காக்க முயன்றார். தலாய் லாமாவின் மறைவு மறைக்கப்பட்டமை அறிந்து சீனப் பேரரசர் சினந்தார். இறுதியில் கோசுத் தலைவர் லாசாங் கானின் தரப்பினரால் 1705இல் கொல்லப்பட்டார்.

சக்போரிக் கல்லூரியும் 1959ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. ஆயினும் அதன் பெயரிலேயே 1992இல் டார்ஜிலிங்கில் ஒரு மருத்துவ நிறுவனம் தோன்றியது. 2010இல் இந்திய அரசு இம்மருத்துவ முறைக்குச் சட்டவழி ஏற்பளித்தது. இவர் ஆண்ட ஆட்சி மறைந்தது. இவர் கற்பித்த கல்வியோ நின்று நிலவுகிறது. பதவியினும் கல்விக்கொடையே நெடிது வாழும் என்பதை இப்பெருமகனார் வரலாற்றால் நாம் உணர்கிறோம்.