பிடில் தந்தியில் கணக்குக் கண்டவர்

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே இருக்கிறது திருவானைக்கா. அங்கே 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். பிள்ளைக்கு வெங்கடராமன் என்று பெயர். பின்னாளில் உலகம் போற்றிய சர் சி. வி. ராமன் அவர்தான்!

தகப்பனார் கணக்கும் பௌதிகமும் போதித்த ஆசிரியர். இசையில் பிரியம் உள்ளவர். கணக்கும் இசையும் மகனிடம் ஒன்று சேர்ந்தன.

ராமன் 1907இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறினார். அதே ஆண்டு கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு இலாகாவில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. கை நிறையச் சம்பளம். ஆனால் மனமோ விஞ்ஞானத்தில்! காலையில் ஆபீசுக்குப் போகுமுன்னும், மாலையில் ஆபீஸ் விட்ட பின்னும் பௌபஜார் தெரு விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார்.

பிடில் தந்தி அவரைக் கவர்ந்தது. வில்லை இழுத்தால் தந்தி அதோடு ஒட்டிக்கொண்டு போகும். சட்டென்று நழுவித் திரும்பி ஓடும். மறுபடி ஒட்டும். ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடக்கும். ஜெர்மனி தேசத்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை முன்பே கண்டிருந்தார்.

மேலே எறிந்த கல் எப்படித் திரும்புகிறது? வேகம் மெல்ல மெல்லக் குறைந்து, உச்சியில் பூஜ்யமாகி, பிறகு கீழே இறங்குகிறது. தந்தி அப்படியல்ல. முன்னோக்கிய வேகம் ஒரே நொடிப்பில் பின்னோக்கிய வேகமாகத் தாவிவிடும். அதன் போக்கைப் படமாக வரைந்தால் ரம்பத்தின் பல்லைப் போல இருக்கும். பல்லின் ஒரு பக்கம் ஏற்றம். மறு பக்கம் இறக்கம். அந்தச் சாய்வுதான் வேகம். கணக்கில் அதற்கு வகைக்கெழு என்று பெயர். கூரான முனையில் மட்டும் இன்ன வேகம் என்று சொல்ல இயலாது.

ராமன் அந்தத் தாவல்களையே பிடித்துக்கொண்டார். தாவல்கள் எத்தனை என்று எண்ணித் தந்தியின் அசைவுகளை வகை வகையாகப் பிரித்தார். 1918இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

அதற்குள் அவர் வாழ்விலும் ஒரு தாவல்! 1917இல் சர்க்கார் உத்தியோகத்தை உதறினார். குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆனார்.

அந்தத் துணிவு வீண் போகவில்லை. 1928 பிப்ரவரி 28ஆம் தேதி ஒளியைப் பற்றிய ராமன் விளைவைக் கண்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். 1970 நவம்பர் 21ஆம் தேதி பெங்களூரில் காலமானார்.

சம்பளமே பெரிதென்று இருந்திருந்தால், காவிரிக் கரையில் பிறந்த அந்தப் பிள்ளை ஒரு நல்ல கணக்கு அதிகாரியாக மட்டுமே ஓய்வு பெற்றிருப்பார்.