நாணலைக் கரும்புக்கு மணம் முடித்தவர்

மதுரையை அடுத்த மேலூர் வட்டாரம், பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாயும் பூமி. பொங்கல் வந்தால் அங்கிருந்து செங்கரும்பு வெளியூர்களுக்குப் போகும். கடித்தால் மெத்தென்று இருக்கும். சாறு ஒழுகும்.

நமக்கு மெத்தென்று இருப்பது புழுவுக்கும் மெத்தென்றுதானே இருக்கும்! இளம் பயிரைக் குருத்துப்புழு துளைக்கிறது. வளர்ந்த கரும்பை இடைக்கணுப்புழு துளைக்கிறது. உழவர் சோகை உரித்துப் பயிரைக் காக்கிறார்.

ஆற்றங்கரை நாணலுக்குக் காவல் யார்? ஒருவரும் இல்லை!

நாணல், கரும்பின் காட்டு உறவு. பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். அதன் தண்டு ஒல்லி, ஆனால் கெட்டி. இலையில் மணற்சத்து உண்டு. அது நம் கையை அறுக்கும். கடிக்க வரும் புழுவின் வாயையும் தேய்த்துவிடும்.

இந்த வலு எப்படி வந்தது? பூச்சியையும் நோயையும் தாங்கிய நாணல்களே பிழைத்தன. அவற்றின் விதைகளே முளைத்தன. பெற்றோரின் வலு பிள்ளைக்கு வந்தது. கரும்பின் கதை வேறு. மனிதன் இனிப்பானதையே பொறுக்கிப் பொறுக்கி நட்டான். இனிப்பு கூடியது. வலு குறைந்தது.

இழந்த வலுவைத் திரும்பப் பெற முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் தமிழர். அவர்தான் சர் டி. எஸ். வெங்கட்ராமன்.

கோவையில் தொடங்கிய வேலை

வெங்கட்ராமன் பிறந்தது 1884-ம் ஆண்டு. 1912-ல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதன் தலைவர் பார்பர் என்ற ஆங்கிலேயர். வெங்கட்ராமன் அவருக்கு உதவியாளர் ஆனார்.

அப்பொழுது ஜாவாத் தீவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை இந்தியாவுக்கு வந்தது. நம் பணம் வெளியே போயிற்று. வட இந்திய நாட்டுக் கரும்பு மெலிந்தது, விளைச்சல் குறைவு. பருத்த கரும்போ அந்தக் குளிரைத் தாங்காது.

கரணையை நட்டால் தாயைப் போலவே பிள்ளை வரும். புதிய குணம் வேண்டுமானால், பூவோடு பூவைச் சேர்த்து விதை எடுக்க வேண்டும். கோவையின் தட்பவெப்பம் அதற்கு ஏற்றது.

வெள்ளை என்ற பருத்த கரும்பு, தாய். கோவை நாணல், தந்தை. இதுதான் ஜோடி! விதைகள் தூசி போலச் சிறியவை. ஒவ்வொரு நாற்றும் சில குணங்களைத் தாயிடமும் சிலவற்றைத் தந்தையிடமும் பெறும். எந்தக் குணம் யாரிடமிருந்து என்பது நாற்றுக்கு நாற்று மாறும். ஒன்றில் இனிப்பு இருக்கும், வலு இராது. ஒன்றில் வலு இருக்கும், இனிப்பு இராது. இரண்டும் சேர்ந்த பிள்ளை அருமையாகத்தான் கிடைக்கும். அதைத் தேடிப் பிடிப்பதே வேலை.

1918-ல் கோ 205 என்ற ரகம் வெளிவந்தது. பஞ்சாபின் கடுமையான பருவத்தையும் அது தாங்கியது.

பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது பழைய கதை. கோவையில் அதை உழைப்பு செய்து காட்டியது!

நாடெங்கும் கோவைக் கரும்பு

பார்பருக்குப் பிறகு நிலையத்தை வெங்கட்ராமனே நடத்தினார். 1942-ல் ஓய்வு பெற்றார். நாணலின் பிள்ளைகளை மீண்டும் இனிப்புக் கரும்புகளோடு சேர்த்தார். இனிப்பு திரும்பியது; வலுவும் ஓரளவு தங்கியது. 1933-ல் வந்த கோ 419 தென்னாட்டு வயல்களில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது.

1932-ல் அந்நியச் சர்க்கரைக்குப் பாதுகாப்பு வரி வந்தது. ஆலைகள் பெருகின. அவற்றுக்குக் கோவை ரகங்கள் தீனி போட்டன. ஜாவாச் சர்க்கரையின் வரவு சுருங்கியது. 1956-ல் வெங்கட்ராமன் பத்மபூஷண் விருது பெற்றார். 1963-ல் காலமானார்.

புழுவும் நோயும் ஒழிந்தனவா? இல்லை. கோ 213 என்ற நல்ல ரகத்தையே 1930-களின் இறுதியில் செவ்வழுகல் நோய் வட இந்தியாவில் நாசம் செய்தது. பயிர் மாறினால் பகையும் மாறும். ஆகவே புதிய ரகம் தேடும் வேலை ஓயாது. அதற்கு வேண்டிய வலு, யாரும் விதைக்காமல் ஆற்றங்கரையில் வளர்ந்து நிற்கிறது. நாணலை வீண் புல் என்று எண்ணி அழித்துவிடக்கூடாது. அது நாளைய கரும்பின் சீதனம்.