ஓட்டமும் காற்பந்தும்

கெடா மாநிலத் தோட்டப்புறத் திடல்களில், ஓட்டப் பயிற்சியை முடித்த மாணவரே காற்பந்து ஆடவும் ஓடி வருவதைக் காணலாம். அவர்களைப் போலவே இவ்விரண்டிலும் ஈடுபட்டு, உலகப் புகழ் பெற்றவர் நார்மன் பிரிட்சார்டு.

இவர் 1875ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். அங்குள்ள செயிண்ட் சேவியர் கல்லூரியில் பயின்றார். வங்காளத்தின் 100 கெஜ ஓட்டப் போட்டியில் 1894 முதல் 1900 வரை தொடர்ந்து ஏழு முறை வாகை சூடினார். 1897இல் கல்லூரிக் குழுவிற்காகக் காற்பந்து ஆடியபோது, ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்களைப் புகுத்தினார்.

1900ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று சில போட்டிகளில் ஓடிய இவர், அங்கிருந்து பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்றார். 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் ஆகிய இரண்டிலும் வெள்ளிப் பதக்கம் வென்றார். 200 மீட்டர் ஓட்டத்தில் இவரை முந்தியவர் அமெரிக்கரான டியூக்ஸ்பரி.

ஓட்டத்தில் புகழ் பெற்ற பின்னும் இவர் காற்பந்தை மறக்கவில்லை. கல்கத்தா திரும்பி, இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். பின்னர், இங்கிலாந்தில் நாடக நடிகராகவும் அமெரிக்காவில் ஊமைப்பட நடிகராகவும் விளங்கி, 1929இல் கலிபோர்னியாவில் காலமானார்.

அவருடைய பதக்கங்கள் எந்த நாட்டுக்கு உரியவை? அனைத்துலக ஒலிம்பிக் குழு இந்தியாவின் பெயரிலும், உலகத் தடகளச் சங்கம் பிரிட்டனின் பெயரிலும் அவற்றைப் பதிவு செய்துள்ளன. பிறந்த மண்ணா, பெற்றோரின் நாடா என்னும் கேள்வி இன்றும் தொடர்கிறது. ஆயினும், அவரை வளர்த்தது கல்கத்தாவின் திடல்களே என்பதில் ஐயமில்லை.