நொண்டி மீனைப் பார்த்த மனிதர் - லாரி ரப்பாலா



தூண்டில் போடுறவங்க கடையில் ஒரு பொய்மீனைப் பார்த்திருப்பீங்க. மீன் மாதிரியே இருக்கும், வயிற்றில் முள் தொங்கும். அதன் பெட்டியில் ரப்பாலா என்று போட்டிருக்கும். அது ஒரு கம்பெனி பெயர் மட்டும் இல்லை. ஓர் ஏழை மீனவரின் பெயர்!

லாரி ரப்பாலா 1905-ல் பின்லாந்து நாட்டில் சிஸ்மா என்ற ஊரில் பிறந்தார். அவருடைய பெயருக்கே ஒரு கதை உண்டு. அவரை ஊர்ப் பதிவேட்டில் எழுதும்போது, பாதிரியாருக்கு அவர் அம்மாவின் குடும்பப் பெயர் ஞாபகம் வரவில்லையாம். அவங்க இருந்த கிராமத்தின் பெயரையே எழுதிவிட்டாராம். அந்தக் கிராமம்தான் ரப்பாலா!

1928-ல் எல்மா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். வீட்டில் பிள்ளைகள் பெருகினார்கள், வருமானம் பெருகவில்லை. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். அப்போது காட்டில் மரம் வெட்டப் போவார். பனி உருகினால் பையான்னே ஏரியில் படகு. நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கான முள்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் உயிருள்ள குட்டிமீனைக் குத்தணும். ஒரு மீன் மாட்டினால் அந்த முள்ளுக்குத் திரும்பவும் இரை குத்தணும். பாதி நாள் இரை குத்துறதிலேயே போய்விடும். மீன் கிடைக்காத நாளில் வீட்டில் அடுப்பு எரியாது.

துடுப்புப் போட்டுக்கொண்டே லாரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பைக் என்று ஒரு மீன் உண்டு (ஓட்டுற பைக் இல்லை!). பெரிய வாய், கூரான பல். அது சின்ன மீன் கூட்டத்துக்குள் பாயும்போது எதைப் பிடிக்குது? நன்றாக நீந்துற மீனை இல்லை. அடிபட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தள்ளாடி நீந்துற நொண்டி மீனைத்தான்! எத்தனையோ மீனவர்கள் தினமும் பார்த்த காட்சிதான். லாரி அதைப் பற்றி யோசித்தார். தள்ளாடுற ஒரு பொய்மீன் இருந்தால், திரும்பத் திரும்ப இரை குத்த வேண்டாமே!

1936-ல் முதல் பொய்மீனைச் செய்தார். சாமான் வாங்கக் காசு இல்லை. தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்தார். செதிள் பளபளக்க சாக்லேட் சுற்றின தாளை ஒட்டினார். வார்னிஷ் இல்லை, அதனால் பழைய போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். சரியாகத் தள்ளாடுகிற வரைக்கும் விடாமல் செய்து பார்த்தார். பிறகு பால்சா என்ற எடை குறைந்த மரத்துக்கு மாறினார். பிள்ளைகளும் கூட உட்கார்ந்து செதுக்கினார்கள்.

1952-ல் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் நடந்தது. வந்தவர்களில் சிலர் இந்தப் பொய்மீனையும் ஊருக்குக் கொண்டு போனார்கள். அமெரிக்காவில் ரான் வெபர், ரே ஆஸ்ட்ரம் என்ற இரண்டு பேர் அதை வரவழைத்து விற்க ஆரம்பித்தார்கள். 1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். அவர் படம் அட்டையில் வந்த லைஃப் பத்திரிகை ஏகமாக விற்றது. அதே இதழில்தான் லாரியின் பொய்மீன் கட்டுரையும் இருந்தது. அப்புறம் என்ன, ஆர்டர் மூட்டை மூட்டையாக வந்தது!

இங்கே ஒரு விஷயம். லாரி படகுக்குப் பின்னால் கயிற்றை இழுத்து மீன் பிடித்தவர். அமெரிக்காக்காரர்கள் பலர் கம்பால் தூர வீசிப் பிடிப்பவர்கள். மூங்கில் கம்பு போய், 1940-களின் கடைசியில் அங்கே ஃபைபர்கிளாஸ் கம்பு வந்திருந்தது. பொய்மீனுக்கு ஏற்ற கம்பு வேண்டும். பால்சா மீன் எடையே இல்லாதது. விறைப்பான கம்பில் கட்டினால் கம்பு வளையாது, மீனும் தூரம் போகாது. அதுக்கு நுனி நெகிழ்ந்த மெல்லிய கம்பு. பெரிய, கனமான பொய்மீன் என்றால் தடித்த கம்பு வேண்டும், ஆனால் அதுவும் வளையணும். ஃபைபர்கிளாஸ் அடிவரைக்கும் மெதுவாக வளையும். அதனால் கனமான மீனை வெட்டி இழுக்காமல் வீசலாம். பெரிய மீன் திமிறினாலும் முள் வாயைக் கிழித்துக்கொண்டு எளிதில் வராது. இப்போது கார்பன் கம்பு எடை குறைவு என்று நிறைய பேர் வாங்குகிறார்கள். ஆனாலும் பெரிய பொய்மீனுக்கு ஃபைபர்கிளாஸைத் தேடுறவங்க இன்னும் உண்டு. பெரும்பாலான கம்புகளில், எவ்வளவு எடை வரை வீசலாம் என்று பிடிக்கு மேலே எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்கணும்.

லாரி 1974-ல் இறந்தார். செய்த ஒவ்வொரு பொய்மீனையும் தண்ணீரில் விட்டுப் பார்த்த பிறகே அனுப்பணும் என்பது அவர் வைத்த பழக்கம். தள்ளாடாமல் நீந்தினால் அது அவருக்குத் தோல்வி. தள்ளாடினால்தான் பாஸ்!

நண்பர்களே, லாரியிடம் பணம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. எல்லாரும் பார்த்ததை அவர் கவனித்துப் பார்த்தார், அவ்வளவுதான். நாம் தினமும் பார்த்துவிட்டுச் சும்மா போகிறது எத்தனையோ! நாளைக்குப் பள்ளிக்கு வரும் வழியில் ஒன்றையாவது நின்று பாருங்கள்.

- 9-ஆம் வகுப்பு மாணவர் குழு