ஒற்றைக் கைத் தளபதியின் தோள் வார்

போலீஸ் அணிவகுப்பில் அதிகாரிகளைக் கவனித்திருப்பீர்கள். இடுப்பில் அகலமான தோல் பெல்ட் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய வார் கிளம்பும். வலது தோள் மீது ஏறி, மார்பின் குறுக்கே இறங்கி, மறுபடியும் பெல்ட்டிலேயே வந்து சேரும்.

பார்வைக்கு நல்ல மிடுக்கு! ஆனால் அது மிடுக்குக்காகப் பிறந்தது அல்ல. ஒரு கையை இழந்த மனிதர் தன் கஷ்டத்துக்குத் தானே கண்டுபிடித்த பரிகாரம் அது.

அவர் பெயர் சாமுவேல் பிரவுன். சுருக்கமாக சாம் பிரவுன். அந்த பெல்ட்டுக்கும் அதுவே பெயர்.

டாக்டர் மகன்

கல்கத்தாவுக்கு அருகே உள்ள பாரக்பூரில், 1824-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி பிரவுன் பிறந்தார். தகப்பனார் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த வெள்ளைக்கார டாக்டர். மகனோ கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்தார்.

சீக்கியர்களுடன் நடந்த யுத்தத்தில் சில்லியன்வாலா, குஜராத் ஆகிய இடங்களில் சண்டை போட்டார். (இந்த குஜராத், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஓர் ஊர். நம் குஜராத் மாநிலம் அல்ல.) 1849-ல் ஒரு குதிரைப்படையைத் திரட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுதான் 2-வது பஞ்சாப் குதிரைப்படை.

1857-ல் வடநாடு பற்றி எரிந்தது. சிப்பாய்கள் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார்கள். பிரவுன் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்க வேண்டியதில்லை. நம் நாட்டாரை அடக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். அதை மறைத்துச் சொல்வதற்கில்லை.

பீரங்கியை நோக்கி இருவர்

1858-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி. பொழுது விடிகிற நேரம். ரோகில்கண்ட் பகுதியில் உள்ள சீர்போரா என்ற இடம்.

அங்கே கான் அலி கான் தலைமையில் கிளர்ச்சிக்காரர்கள் அணிவகுத்து நின்றார்கள். அவர்களிடம் 9 ராத்தல் குண்டு போடும் பீரங்கி ஒன்று இருந்தது. பாதையைப் பார்த்து வாயைத் திறந்து கொண்டிருந்தது. காலாட்படை அந்தப் பாதையில் வந்தால் கூண்டோடு நாசம்.

பிரவுன் குதிரையைத் தட்டி விட்டார். கூடப் போனது ஒரே ஒரு சவார்; அதாவது இந்தியக் குதிரை வீரர். இருவரும் பீரங்கிக்காரர்கள் மீது பாய்ந்தார்கள். மறுபடி மருந்து கெட்டிக்க விடவில்லை.

கைகலப்பு மூண்டது. ஒரு வெட்டு இடது முழங்காலில் விழுந்தது. இன்னொரு வெட்டு இடது தோளில்! கை துண்டாகிப் போயிற்று.

பீரங்கி மறுபடி வெடிக்கவில்லை. பின்னால் வந்த காலாட்படை அதைப் பிடித்துக் கொண்டது. பிரவுனும் உயிர் பிழைத்தார். விக்டோரியா கிராஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

கூடப் போன சவாருக்கு? பதக்கக் குறிப்பில் அவர் பெயர்கூட இல்லை. 1911 வரை இந்தியச் சிப்பாய்களுக்கு விக்டோரியா கிராஸ் கொடுக்கும் வழக்கமே கிடையாது.

வாளை எடுப்பது எப்படி?

காயம் ஆறியது. இனிமேல் பட்டாளம் எதற்கு என்று பிரவுன் ஒதுங்கி விடவில்லை. ஆனால் தினந்தோறும் ஒரு தொல்லை.

அந்தக் காலத்து அதிகாரியின் வாள், இடுப்பு பெல்ட்டிலிருந்து வார்களில் தொங்கும். நடந்தால் ஆடும். காலில் இடிக்கும். இடது கையால் உறையைப் பிடித்துக் கொண்டே நடக்க வேண்டும். வாளை உருவும்போதும் அப்படித்தான். இடது கை உறையைப் பிடிக்க, வலது கை வாளை இழுக்கும். உறையைப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் வாளோடு உறையும் சேர்ந்து வரும்!

பிரவுனுக்குப் பிடிக்கக் கை இல்லை. அந்தக் கையின் வேலையை ஒரு தோல் வாரிடம் ஒப்படைத்தார்.

இடுப்பில் கனமான பெல்ட். வலது தோளிலிருந்து குறுக்கே வரும் வார், இடது இடுப்பில் அந்த பெல்ட்டைத் தாங்கிப் பிடிக்கும். வாளின் பாரம் தோளுக்குப் போய் விடும். உறை ஆடாது, அசையாது. வலது கை ஒன்றே போதும். பெல்ட்டில் உலோக வளையங்களும் உண்டு. வேண்டிய சாமான்களை அவற்றில் மாட்டிக் கொள்ளலாம். வலது இடுப்பில், மூடி போட்ட தோல் உறைக்குள் கைத்துப்பாக்கி.

மற்ற அதிகாரிகள் பார்த்தார்கள். அவர்களுக்கு இரண்டு கையும் இருந்தன. ஆனாலும் ஆடுகிற உறையால் அவர்களுக்கும் தொல்லைதான். சகித்துக் கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்! ஒவ்வொருவராக பிரவுனைப் போலவே பெல்ட் கட்டத் தொடங்கினார்கள். துப்பாக்கியின் பாரத்தைத் தாங்க இடது தோளிலும் ஒரு வார் போட்டுக் கொண்டவர்கள் உண்டு.

கைபர் கணவாய்

ஒற்றைக் கையோடு பிரவுன் தளபதியாக உயர்ந்தார். 1878-ல் ஆப்கானிஸ்தான் மீது படை கிளம்பியபோது, பெஷாவரிலிருந்து சென்ற படைக்கு அவர்தான் தலைமை வகித்தார். கைபர் கணவாயில் உள்ள அலி மஸ்ஜித் கோட்டையைப் பிடித்தார். ஜலாலாபாத் வரை முன்னேறினார். 1849-ல் அவர் திரட்டிய குதிரைப்படைக்கு, அவர் காலமான பிறகு, 1904-ல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

பெல்ட்டோ கடல் தாண்டிப் போயிற்று. 1914-ல் தொடங்கிய முதல் உலக யுத்தத்தில், பிரிட்டிஷ் அதிகாரி என்றால் சாம் பிரவுன் பெல்ட் இருக்கும். அதுவே ஆபத்தாகவும் முடிந்தது. பெல்ட்டை வைத்து, அதிகாரி யார் என்று எதிரி அடையாளம் கண்டு சுட்டான். பதுங்கு குழிகளில் பலர் அதைக் கழற்றி வைத்தார்கள். பிரான்சுக்கு வந்த அமெரிக்க அதிகாரிகளோ அதை ஆசையாக வாங்கிக் கட்டிக் கொண்டார்கள்.

பிரவுன் இதையெல்லாம் பார்க்கவில்லை. இங்கிலாந்துக்குத் தெற்கே ஒயிட் தீவில் உள்ள ரைட் நகரத்தில், 1901-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி காலமானார். வயது 76. அப்போது தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்து கொண்டிருந்தது. அங்கே குதிரை மேல் போய்க் கொண்டிருந்த அதிகாரிகளின் தோளில், அவர் போட்ட வார் இருந்தது.