அறிஞர் ஜகதீச சந்திர போசின் ஆய்வுக் கருவிகள்

பழவேற்காட்டு ஏரியின் மீனவர் எவரும் வலையை வாங்கிவிட்டுப் பிறகு மீனைத் தேடுவதில்லை. இறாலுக்கேற்ற வலைக்கண் வேறு. மடவைக்கேற்ற கண் வேறு. அவ்வேரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டுகளைச் சில சென்டிமீட்டர் நீளமே உள்ள நுண்ணலைகளைக் கொண்டு ராடார்கள் பின்தொடர்கின்றன. இத்தகைய அலைகளை ஆக்கவும் அளக்கவும் நம் நாட்டில் முதன்முதலாகக் கருவிகள் அமைத்த பெருமகனார் ஜகதீச சந்திர போஸ். அவரும் மீனவரைப் போலக் கண்ணளவைத்தான் முதலில் முடிவு செய்தார்.

போஸ் 1858 நவம்பர் 30 அன்று, இன்று வங்கதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். வெள்ளையருக்கு ஓர் ஊதியம், இந்தியருக்குக் குறைந்த ஊதியம் என்ற நிலையை ஏற்க மறுத்து, மூன்றாண்டுகள் சம்பளம் பெறாமலேயே பாடம் நடத்தினார். பின்னர் நிலுவை முழுவதும் அவருக்குக் கிடைத்தது.

ஆய்வுக்கூடமோ கிடைக்கவில்லை. குளியலறையை அடுத்திருந்த ஒரு சிற்றறையே அவருக்கு வாய்த்தது. 1894-இல் அங்கு அவர் மின்காந்த அலை ஆய்வைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் அரை மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள அலைகளைக் கையாண்டிருந்தார். அலை நீண்டால் ஆடியும் முப்பட்டகமும் பெருக்க வேண்டும். ஹெர்ட்சின் ஆடிகள் ஆளுயரத்தை விஞ்சின. கீலால் வார்த்த முப்பட்டகமோ அரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. அவற்றை அச்சிற்றறையில் எங்கே வைப்பது? போஸ் அலையையே சுருக்கினார். 25 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கவே, கருவிகள் அனைத்தும் ஒரு மேசைக்குள் அடங்கின. அலை குறுகவே, அது ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்வதையும் துல்லியமாக அளக்க முடிந்தது. இதை வறுமையின் சமாளிப்பு என்று சிலர் எழுதுவர். எனக்கு அது சிறந்த தேர்வாகவே படுகிறது.

கருவிகளைச் செய்ய உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவர் துணைநின்றார். தீப்பொறி அலைபரப்பியை உலோகப் பெட்டிக்குள் அடைத்து, வேண்டாத அலைகள் வெளியே கசிந்து அளவைக் கெடுக்காதபடி தடுத்தார். அலை வெளியேற ஒரு குழாய். அதைத் திரட்ட ஒரு புனல். இன்றைய அலைவழிக்கும் கொம்பு ஆன்டெனாவுக்கும் இவையே முன்னோடிகள். முறுக்கிய சணல் கற்றை அலையின் தளத்தைத் திருப்பியது. தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடு செருகிய ரயில் அட்டவணைப் புத்தகம் தளவாக்கியாயிற்று! சணலும் பழைய புத்தகமும் எந்தக் கல்லூரியில்தான் இல்லை?

1895-இல் கல்கத்தாவில், சுவர்களை ஊடுருவிய அலைகளால் மணி ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இக்கருவிகளை இயக்கிக் காட்டினார். அலையை உணரும் கலீனாப் படிகக் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நண்பர்கள் வற்புறுத்திப் பெற்ற அவ்வுரிமையால் அவர் பொருள் தேடவில்லை.

பின்னர் அவர் உள்ளம் தாவரங்களின்பால் சென்றது. அங்கும் செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பெருக்கிக் காட்டும் கருவியைத் தாமே வடிவமைத்தார். 1917-இல் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1920-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் மறைந்தார். அவர் கையாண்ட நுண்ணலைக் கருவிகள் சில இன்றும் கல்கத்தாவில் அந்நிலையத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.