சுல்தானாவின் கனவும் ரொக்கையா அம்மையாரும்

அறிவியற் புனைகதை மேலைநாட்டார் தந்த சரக்கு என்றும், அதிற் பெண்ணுரிமை பேசுவது அண்மைக் கால வழக்கம் என்றும் எண்ணுவோர் நம்மிடையே உளர். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த கதையொன்று 1905ஆம் ஆண்டிலேயே நம் சென்னை மாநகரில் அச்சேறியது. கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய இந்தியன் லேடீஸ் மேகசின் என்னும் ஆங்கில இதழில் அதனை எழுதியவர், வங்கத்து முஸ்லிம் மாதரசி ரொக்கையா சகாவத் உசேன்.

1880 டிசம்பர் 9இல் ரங்கப்பூர் மாவட்டத்துப் பைராபந்த் சிற்றூரில், ஜமீன் குடும்பத்திற் பிறந்தார். கோஷா கடுமையாகப் பேணப்பட்ட இல்லம் அது. பெண்மக்கள் குர்ஆன் ஓதலாம். வங்கமும் ஆங்கிலமும் கற்றல் கூடாது. வீடு உறங்கிய பின்னர்த் தமையனார் இப்ராகீம் விளக்கொளியில் ஆங்கிலம் கற்பித்தார். தமக்கையார் கரீமுன்னிசா வங்கமொழியில் நாட்டம் ஊட்டினார். 1898இல் பாகல்பூர்த் துணை மாஜிஸ்திரேட் சகாவத் உசேனை மணந்தார். மனைவியை எழுதத் தூண்டிய அப்பெருமகனாரையும் நாம் நன்றியுடன் நினைத்தல் தகும்.

அவர் அலுவற் பயணம் சென்றிருந்த நாளிற் பொழுதுபோக்காக எழுதப்பட்டதே சுல்தானாவின் கனவு. கனவில் தோன்றும் பெண்ணாட்டில் ஆடவர் கோஷாவில் இருந்து அடுக்களை பார்க்கின்றனர். பெண்களுக்கென அங்கே பல்கலைக்கழகங்கள் உள. ஒன்று மேகத்தினின்று நீரை நேரே இறக்குகின்றது. மற்றொன்று ஞாயிற்றின் வெப்பத்தைத் திரட்டுகின்றது. அவ்வெப்பத்தாற் சமைக்கின்றனர், படையெடுத்த பகைவரையும் அதனாலேயே விரட்டுகின்றனர். கொல்லிமலை அடிவாரத்து எருமப்பட்டிப் பக்கம் மானாவாரி நிலத்தில் வானம் பார்த்திருக்கும் நம்மவர்க்கு அந்த மேகக் குழாய் ஒன்றே போதும்! அமெரிக்க எழுத்தாளர் சார்லட் கில்மனின் பெண்ணாட்டுக் கதை இதற்குப் பத்தாண்டு பிந்தியது.

1909இல் கணவர் மறைந்தார். அவர் ஒதுக்கிவைத்த 10,000 ரூபாயைக் கொண்டு பாகல்பூரில் 5 மாணவியருடன் பள்ளி தொடங்கினார். குடும்பப் பூசலால் ஊர்விட்டு, 1911இல் கல்கத்தாவில் 8 மாணவியருடன் மீண்டும் தொடங்கினார். பள்ளி வண்டியை இறுக மூடினால் சிறுமியர் இருளில் மயங்கி வீழ்ந்தனர். மூடியதை நீக்கித் திரை கட்டினால், கோஷா கெட்டதெனக் கண்டனக் கடிதங்கள் வந்தன. கனவில் வானவூர்தி விட்டவர், தெருவில் ஒரு வண்டித் திரைக்காகப் போராட நேர்ந்தது. பள்ளியின் பொருட்டு அவர் தாமும் பர்தாவைப் பேணியே வாழ்ந்தார். கல்வி இருபாலார்க்கும் கடமை என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையைக் காட்டியே பெற்றோரிடம் வாதாடினார்.

1932இல், தாம் பிறந்த அதே டிசம்பர் 9ஆம் நாள் விடியலில் உயிர் நீத்தார். பெண்ணுரிமை பற்றி அவர் எழுதிவந்த கட்டுரை முற்றுப்பெறாமற் கிடந்தது. கணவர் பெயர் தாங்கிய அப்பள்ளி, அரசு மகளிர் பள்ளியாகக் கொல்கத்தாவில் இன்றும் நடைபெறுகின்றது.